அடைக்கலம் தேடும் சகோதரிக்கு நாம் செய்யக்கூடியது என்ன?

குடும்பம் ஒரு குட்டித் திருச்சபை என்று நாம் பெருமையோடு கூறிக்கொள்கிறோம். பீடத்தின்முன் கரம் பற்றிய இருவரும் இறுதிவரை அன்பில் நிலைத்திருக்க வேண்டுமென்று திருமண நாளன்று பங்குச் சமூகம் முழுவதும் சேர்ந்து மன்றாடுகிறோம். ஆயினும் சில இல்லங்களின் கதவு மூடப்பட்ட பின்னர் உள்ளே நிகழ்வது என்ன என்பதை நாம் அறிவோம். அறிந்தும் அறியாதவர்போல் இருந்துவிடுகிறோம். முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஞாயிறு திருப்பலிக்கு வரும் சகோதரியின் கன்னத்து வீக்கம், அருகில் முழந்தாளிடுபவரின் கண்ணில் படாமலா போகிறது?

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 18 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களுள் நூற்றுக்கு 29 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். இது நாடு முழுவதற்குமான கணக்கு. நம் பங்குகள் இதற்கு விலக்கு என்று எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

துன்புறும் பெண் முதலில் நாடுவது நீதிமன்றத்தை அன்று. தாய் வீட்டையும், பக்கத்து வீட்டு அக்காவையும், கன்னியர் மடத்துச் சகோதரியையும், பங்குத் தந்தையையுமே நாடுகிறாள். அங்கே அவளுக்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: “கொஞ்சம் பொறுத்துப் போம்மா, பிள்ளைகள் முகத்தைப் பார்.” நல்லெண்ணத்தோடு கூறப்படும் இவ்வுரையே பல வேளைகளில் அவளை அடிப்பவன் கையில் மீண்டும் ஒப்படைத்துவிடுகிறது. இனி அவள் நம் வாசலுக்கு வருங்கால் நாம் வேறொரு மறுமொழி சொல்லக் கற்க வேண்டும். அதற்கு முதலில் சட்டத்தை அறிதல் வேண்டும்.

சட்டம் தரும் காவல்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அடிப்பதும் உதைப்பதும் மட்டுமே வன்முறை என இச்சட்டம் கருதவில்லை. பாலியல் துன்பம், இழிசொல், அச்சுறுத்தல், பிள்ளையில்லை என்றோ ஆண்பிள்ளை பெறவில்லை என்றோ குத்திக் காட்டுதல் ஆகியவையும் வன்முறையே. வீட்டுச் செலவுக்குப் பணம் தராதிருத்தல், அவளது நகையையும் சம்பளத்தையும் பறித்துக்கொள்ளுதல், வரதட்சணை கேட்டு வருத்துதல் ஆகியவையும் அவ்வாறே. மனைவிக்கு மட்டுமன்றி, ஒரே குடும்பத்தில் வாழும் தாய், மகள், சகோதரி, விதவை மருமகள் ஆகியோருக்கும் இச்சட்டம் துணை நிற்கிறது.

“அவரைச் சிறைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை சாமி; அடிக்காமல் இருந்தால் போதும்” என்று கண்ணீர் வடிக்கும் பெண்கள் பலர். அவர்கள் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இச்சட்டத்தின்கீழ் மனு கொடுத்தவுடன் கணவரைக் கைது செய்வதில்லை. இது தண்டனையைவிடப் பாதுகாப்பையே முதன்மையாக நாடும் சட்டம். நீதிமன்றம் இட்ட பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால்தான் குற்றமாகும். மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றத்திற்கான வழக்கு இதனினும் வேறானது. அது முன்னர் இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-அ பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் உள்ளது. அதைத் தொடுப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யலாம்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

உயிருக்கு ஆபத்து என்றால் வேறெதையும் எண்ணாமல் 112 என்ற எண்ணையோ, பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணையோ அழைக்க வேண்டும். காயமிருப்பின் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். “வழுக்கி விழுந்துவிட்டேன்” என்று சொல்லாமல், நடந்ததை நடந்தவாறே மருத்துவரிடம் கூறுமாறு அவளுக்குத் துணிவூட்டுவோம். அங்கே எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகல் பின்னர் பெரும் சான்றாக அமையும்.

அவளிடம் துருவித் துருவிக் கேள்வி கேட்பது தகாது. “நீ என்ன செய்தாய், அவர் ஏன் அடித்தார்?” என்ற வினா நம் நாவில் எழவே கூடாது. அவள் சொல்வதை நம்பிக் கேட்போம். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்பதை எவரிடமும், உறவினரிடமும்கூட, வெளியிடாதிருப்போம். பெண் வீட்டைவிட்டு வெளியேறும் காலமே அவளுக்கு மிகுந்த ஆபத்தான காலம் என்பதை மறவாதிருத்தல் நலம்.

இன்னும் வீட்டிலேயே இருக்கிறவளாயின், ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மருந்துச் சீட்டுகள், சிறிது பணம் ஆகியவற்றை நம்பிக்கையான ஓரிடத்தில் சேர்த்து வைக்கச் சொல்வோம். பங்கு அலுவலகம் செய்யக்கூடிய அரிய உதவி ஒன்றும் உண்டு. திருமணத்தை மெய்ப்பிக்கும் ஆவணம் அவள் கையில் இல்லாதபோது, பங்கின் திருமணப் பதிவேட்டிலிருந்து சான்று நகலைத் தாமதமின்றி எடுத்துக் கொடுக்கலாம்.

பாதுகாப்பு அலுவலர்

இச்சட்டத்தை நிறைவேற்றவென்றே பாதுகாப்பு அலுவலர்கள் நியமிக்கப்பட்டுள்ளனர். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் அவரை அணுகும் வழி தெரியும். ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும் ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம், காவல்துறை உதவி, சட்ட உதவி ஆகியவற்றை ஒரே இடத்தில் பெறலாம்.

துன்புறும் பெண்தான் நேரில் சென்று சொல்ல வேண்டும் என்பதில்லை. வன்முறை நடந்தது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கெதுவும் தொடர முடியாது என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு உறுதி கூறுகிறது. “நமக்கேன் வம்பு?” என்று ஒதுங்குவோருக்கு இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

அலுவலர் அவளது முறையீட்டைக் கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கை ஒன்றை உரிய படிவத்தில் எழுதி நடுவருக்கு அனுப்புவார். நாள், நேரம், இடம், நடந்தது, பார்த்தவர் யார் என்பன அதில் இடம்பெறும். ஆகவே, அவள் அலுவலரிடம் செல்லுமுன் அருகில் அமர்ந்து, நிகழ்ச்சிகளை நாள்வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ள உதவுவது பெருந்தொண்டு. எழுத்தறியாத சகோதரிக்கு நாம் எழுதிப் படித்துக் காட்டலாம். ஆனால் அவள் சொல்லாத ஒன்றையும் சேர்த்து எழுதலாகாது.

நீதித்துறை நடுவர் முன்

பாதுகாப்பு உத்தரவு வேண்டும் மனுவை அவளோ, அவள் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ, வேறொருவரோ நீதித்துறை நடுவரிடம் கொடுக்கலாம். கணவரின் ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அடைக்கலமாக அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றமும் மனுவை ஏற்கும். அலுவலரின் அறிக்கை இல்லையென்பதற்காக மனுவைத் தள்ள வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்றும் கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் அனைவரும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உடையவர்கள். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

நடுவர் இடக்கூடிய உத்தரவுகள் பல. எதிர்மனுதாரர் வன்முறை செய்யக் கூடாது. அவளது பணியிடத்திலோ பிள்ளையின் பள்ளியிலோ நுழையக் கூடாது. நேரிலோ தொலைபேசியிலோ தொடர்பு கொள்ளக் கூடாது. கூட்டுச் சொத்தை விற்கக் கூடாது என்று தடுப்பது பாதுகாப்பு உத்தரவு. வீட்டைவிட்டு அவளை வெளியேற்றாமல் தடுப்பது குடியிருப்பு உத்தரவு. வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும், அவள் மணவாழ்வில் குடியிருந்த இல்லமாயின் இவ்வுரிமை அவளுக்கு உண்டென்று 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவற்றோடு மருத்துவச் செலவு, பிள்ளைகளுக்கும் அவளுக்குமான பராமரிப்புத் தொகை, சீதனப் பொருள்களைத் திரும்பப் பெறுதல், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளுதல், இழப்பீடு ஆகியவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

மனு கொடுத்த 3 நாள்களுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாள்களுக்குள் தீர்வு என்பது சட்டம் காட்டும் கால எல்லை. நடைமுறையில் வாய்தாக்கள் நீண்டுகொண்டே போவதை மறைப்பதற்கில்லை. ஆதலின் இடைக்கால உத்தரவை முதல் நாளிலேயே கேட்டுப் பெறுவது இன்றியமையாதது. ஆபத்து உடனடியானது என்று அவளது பிரமாணப் பத்திரம் காட்டுமாயின், எதிர்த்தரப்பைக் கேட்குமுன்னரேகூட நடுவர் அவ்வுத்தரவை இட முடியும்.

இந்த நீண்ட நாள்களில்தான் பெண்கள் மனம் தளர்ந்து மனுவைக் கைவிடுகிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையை விட்டு, பேருந்துக்குக் காசு தேடி, கணவரின் உறவினர் சூழ்ந்து நிற்கும் நீதிமன்ற வாசலில் தனியே நிற்பது எளிதன்று. மாதா சபையினர் முறை வைத்துக்கொண்டு இருவர் உடன் செல்லலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் பயணச் செலவையும் வீட்டு வாடகையையும் ஏற்கலாம். அன்பியத்துக் குடும்பம் ஒன்று அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். இவை சிறிய செயல்களே. இவை இல்லாமற்போனால் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

உத்தரவு கிடைத்த பின்

உத்தரவின் நகல் அவளுக்கும் அவள் பகுதிக் காவல் நிலையத்திற்கும் கட்டணமின்றி அளிக்கப்பட வேண்டும். அதன் ஒரு படியை அவள் எப்போதும் கையோடு வைத்திருப்பது நல்லது. உத்தரவை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அது பிணையில் விட முடியாத குற்றம். அவளது சாட்சியம் ஒன்றையே கொண்டும் நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். “இந்த ஒருமுறை போகட்டும்” என்று மீறலை மூடி மறைக்க நாம் உடந்தையாதல் கூடாது.

சமரசமும் சமாதானமும்

இருவரையும் பங்கு இல்லத்தில் எதிரெதிரே உட்கார வைத்துச் சமரசம் பேசுவது நம் நெடுநாள் வழக்கம். அடித்தவன் அருகில் அமர்ந்திருக்க, அடிபட்டவள் உண்மை பேசுவாளா? இச்சட்டத்தின் விதிகள் இதை நன்கு உணர்ந்துள்ளன. நடுவர் அனுப்பும் ஆலோசனையில்கூட, தன் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரருக்கு இடமில்லை. இனி வன்முறை செய்வதில்லை என்ற உறுதியே முதலில் பெறப்பட வேண்டும். நாமும் அவ்வாறே, அவளிடம் தனியே பேசுவோம். அவள் விரும்பினாலொழியச் சமரசத்தைத் தொடங்காதிருப்போம்.

“பிரிந்து வாழ்ந்தால் பாவமாகுமா? நற்கருணை வாங்கலாமா?” என்ற கேள்வி நம் சகோதரிகளின் நெஞ்சை அறுக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 1153இல், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலும் உள்ளத்தாலும் பெருந்தீங்கு விளைவிப்பவரை விட்டுப் பிரிய நியாயமான காரணம் உண்டென ஏற்கிறது. தாமதம் ஆபத்தாகுமானால், அவர் தாமாகவே பிரியலாம் என்றும் கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ மடலும், வலுவற்ற துணைவரையும் பிள்ளைகளையும் காக்கும்பொருட்டுச் சில வேளைகளில் பிரிவு அறநெறிப்படியே தேவையாகிறது என்று கற்பிக்கிறது. பாதுகாப்பு உத்தரவு மணவிலக்கு அன்று. திருமணப் பிணைப்பை அது தொடுவதில்லை. அதைப் பெற்றவள் என்பதற்காக எவளும் நற்கருணைப் பந்தியிலிருந்து விலக வேண்டியதில்லை.

அன்புள்ள குடும்பத்தாரே, அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு காரியத்தைச் செய்து முடிப்போம். நம் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் முகவரியையும், 181 என்ற எண்ணையும், சட்டப்பணிகள் குழுவின் இருப்பிடத்தையும் தெளிவாக எழுதி, ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பெண்கள் பிறர் கண்ணில் படாமல் படித்துக் குறித்துக்கொள்ளத்தக்க வேறோர் இடத்திலும் அதை வைப்போம். யார் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போகலாம். தெரிய வேண்டுவதும் இல்லை.