வேர் பிடிக்கும் வரை

நட்டு இருபது நாள்கூட ஆகாத புங்கன்கன்று ஒன்று பட்டுப்போகிறது. தண்ணீர் விடாமல் இல்லை. தினமும் காலையில் ஒரு வாளி ஊற்றியாயிற்று. குழியில் விரலை விட்டுப் பார்த்தால் இப்போதும் சேறு ஒட்டுகிறது. தண்டைப் பிடித்துத் தூக்கினால் கன்று அப்படியே கையோடு வந்துவிடுகிறது. நர்சரியில் எந்தப் பையில் இருந்ததோ அந்தப் பையின் வடிவத்திலேயே அடியில் ஒரு மண்கட்டி. அதை உடைத்தால் உள்ளே பொலபொலவென்று உதிர்கிறது. சுற்றிலும் சேறு, நடுவில் புழுதி.

ஈரத்தின் நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு செடி தாகத்தில் எப்படிச் சாகும்?

செடி எவ்வளவு குடிக்கிறது என்று முதன்முதலில் முறையாக அளந்து பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். தொட்டியில் வளர்ந்த, ஆள் மார்பளவு உயரச் சூரியகாந்தி ஒன்றை அவர் காலையும் மாலையும் தராசில் நிறுத்தார். மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை மூடியிருந்தார். ஆகவே குறைந்த எடை முழுவதும் இலை வழியே போன தண்ணீர்தான். ஒரு பகலில் சராசரியாக அரைக் கிலோவுக்கும் மேல் குறைந்தது. 1727இல் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

இத்தனை தண்ணீரையும் மேலே ஏற்றுவதற்குச் செடிக்குள் மோட்டார் எதுவும் கிடையாது. இலையின் அடிப்புறத்தில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாக நீர் ஆவியாகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்பவை. மேலே ஒன்று வெளியேறும்போது அடுத்ததை இழுக்கிறது, அது அதற்கடுத்ததை. இலையிலிருந்து வேர்நுனி வரை ஒரே கயிறாக நீர் இழுபட்டபடியே இருக்கிறது. கிணற்றில் நீர் இறைப்பது போலத்தான். இறைக்கும் ஆள் மட்டும் வெயில். இந்த விளக்கத்தை 1894இல் ஹென்றி டிக்சன், ஜான் ஜாலி என்ற இரு அயர்லாந்து அறிவியலாளர்கள் முன்வைத்தார்கள்.

கயிற்றின் மேல்முனை இலை என்றால் கீழ்முனை எது? நாம் வேர் என்று கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் குழாயும் நங்கூரமும்தான். தண்ணீரை மிகுதியாக உறிஞ்சுவது வேர்நுனிக்குச் சற்று மேலே முளைக்கும் வேர்த்தூவிகள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இவை மண்துகள்களின் இடுக்குகளுக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்கின்றன. 1937இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹோவர்டு டிட்மர், ஓரடி நீளம், ஓரடி அகலம், இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த ஆழம் கொண்ட ஒரு பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை பயிரின் வேர்களைக் கழுவியெடுத்துக் கணக்கிட்டார். வேர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரம். வேர்த்தூவிகள் ஏறத்தாழ 1,400 கோடி. அவற்றை நீட்டி வைத்தால் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு புல்வகைப் பயிர், நான்கே மாதத்தில்.

இப்போது கன்றை இடம் மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். தரையில் வளர்ந்த மரத்தைப் பெயர்த்தெடுத்தால் அதன் வேர்த்தொகுதியின் பெரும்பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. பையில் வளர்ந்த கன்றுக்கு அவ்வளவு சேதம் இல்லை. ஆனால் அதன் அத்தனை வேரும் அந்தப் பை அளவு மண்ணுக்குள்தான் இருக்கிறது. மேலே இலைகள் எப்போதும் போல இழுக்கின்றன. கீழே இருப்பதோ ஓரிரு லிட்டர் மண். நல்ல வெயிலில் அந்த மண்ணின் ஈரம் ஒரே நாளில் தீர்ந்துவிடலாம். அப்போது செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் தண்ணீர் மிச்சம்தான். ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வரவேண்டும். அது வராவிட்டால் உணவு இல்லை, உணவு இல்லாவிட்டால் புது வேர் இல்லை. வாயைத் திறந்தால் தாகம், மூடினால் பசி. நட்ட கன்று சில இலைகளை உதிர்ப்பது இந்த இக்கட்டில் அது பார்க்கும் சிக்கனம்.

சரி, பக்கத்துச் சேற்றிலிருந்து அந்த மண்கட்டிக்குள் தண்ணீர் நுழைய வேண்டியதுதானே? இங்கேதான் மண்ணின் விசித்திரம் இருக்கிறது. 1959இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மண்ணியலாளர் வால்ட்டர் கார்ட்னர் ஒரு படம் எடுத்தார். கண்ணாடிப் பெட்டியில் நயமான மண், அதற்குக் கீழே பருமணல் அடுக்கு. மேலே ஊற்றிய நீர் மெல்லக் கீழிறங்கி மணலைத் தொட்டதும் நின்றுவிட்டது. மணலில் பெரிய பெரிய இடைவெளிகள் இருந்தும் உள்ளே போகவில்லை. எல்லைக்கோட்டை ஒட்டிப் பக்கவாட்டில் பரவியது. மேல்மண் முழுக்க நீரில் ஊறித் தெவிட்டிய பிறகுதான் மணலுக்குள் இறங்கியது.

காரணம், மண்ணின் இடைவெளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு இறுக்கமாக அது நீரைப் பிடித்துக்கொள்கிறது. சிந்திய தண்ணீரைப் பருத்தித் துணி உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரத்துணியைத் தென்னைநார்ப் பிரி மேல் வைத்தால் நார் அதிலிருந்து ஒன்றையும் வாங்காது. நர்சரிப் பையில் இருப்பது தென்னைநார்க் கழிவும் மணலும் எருவும் கலந்த பொலபொலப்பான கலவை; வெளியே இருப்பது களிமண். களிமண் தன் ஈரத்தைக் கட்டிக்குள் விட்டுக்கொடுக்காது. மாறாக, கட்டியில் இருக்கும் ஈரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நாம் ஊற்றிய வாளித் தண்ணீர் குழி ஓரத்துக் களிமண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. செடிக்குப் போகவில்லை.

இது புரிந்துவிட்டால் செய்யவேண்டியவை தாமாகவே தெரியும். நடும்போது கட்டியைச் சுற்றிச் சுருண்டிருக்கும் வேர்களைக் கையால் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் அவை இல்லாத பையின் நினைவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தோண்டியெடுத்த அதே மண்ணைக் கொண்டு குழியை மூடுவது நல்லது. குழிக்குள் மட்டும் விசேஷக் கலவை நிரப்பினால் இன்னொரு எல்லைக்கோடு உண்டாகும். முதல் சில வாரம் தண்ணீரைத் தண்டின் அடியில், அந்தப் பழைய மண்கட்டி நனையும்படி மெதுவாக விட வேண்டும். வேர் வெளியே நடக்க நடக்க, பாத்தியின் வட்டத்தையும் அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டும்.

அதற்காக நாள் முழுவதும் ஹோஸ் பைப்பைத் திறந்துவிடுவதும் தவறு. வேருக்கும் மூச்சு உண்டு. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவும் வேகம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மண்ணின் இடைவெளி எல்லாம் நீரால் அடைபட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது, இலை தொங்கும். அதைப் பார்த்து, தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு வாளி ஊற்றுவோம். காய்ந்து சாகும் செடியும் மூழ்கிச் சாகும் செடியும் வெளியே காட்டும் அடையாளம் ஒன்றே. ஆகவே இலையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இரண்டு அங்குலம் மண்ணைக் கிளறிப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

வேர் தண்ணீரைத் தேடிப் போகிறது என்று சொல்கிறோம். உண்மையில் நடப்பது அதைவிட நுட்பமானது. ஒரே வேரின் ஒரு பக்கம் ஈரத்தையும் மறுபக்கம் காற்றையும் தொட்டுக்கொண்டிருந்தால், கிளைவேர் ஈரப்பக்கத்தில் மட்டுமே முளைக்கிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தலைமுடி அளவேயுள்ள வேருக்குள்ளேயே இடம் வலம் தெரிகிறது. ஈரம் இருக்கும் இடத்தில்தான் வேர் கிளைக்கும் என்றால், ஈரத்தை எங்கே வைக்கிறோம் என்பதே வேரின் வரைபடம். தினமும் கொஞ்சமாகத் தெளித்தால் மேல் இரண்டு அங்குலத்தில் வேர் கூட்டம் போடும்; நாம் ஊருக்குப் போகும் ஒரு வாரத்தில் மேல்மண்ணோடு அதுவும் காயும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால், மேல்மண் காயும்போது வேருக்கு வேலை கீழேதான்.

புல்தரையில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கும் புல் பாயின் அடியில் இருப்பது ஓர் அங்குல மண்கூட இல்லை. முதல் இரண்டு வாரம் அது காயாமல், நாளுக்கு இரண்டு தடவையாவது இலேசாக நனைக்கத்தான் வேண்டும். அதன் பிறகும் அப்படியே தொடர்ந்தால்தான் கெடுதல். வேர் இறங்கியபின் தடவைகளைக் குறைத்து அளவைக் கூட்ட வேண்டும்.

எவ்வளவு? கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் என்றால் ஒரு லிட்டர். நம் கோடையில் புல்தரை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இழக்கும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, ஒரு சென்ட் புல்லுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர். அழகுக்காகப் புல் வளர்க்கும் முன் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப்பார்க்கலாம். தெளிப்பானை ஓடவிட்டு, அகன்ற வாய்க் காலி டப்பாக்களை அங்கங்கே வைத்து, எத்தனை நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் சேர்கிறது என்று ஸ்கேலால் அளந்தால் உங்கள் தரையின் கணக்கு கிடைத்துவிடும்.

புல் வெட்டுவதும் வேரைத் தொடும் விஷயம்தான். அமெரிக்க வேளாண் துறைக்காக ஃபிராங்க்ளின் கிரைடர் 1955இல் வெளியிட்ட ஆய்வில், இலையில் பாதிக்குமேல் ஒரே தடவையில் வெட்டப்பட்ட புற்களின் வேர் வளர்ச்சி பல நாள் நின்றுபோனது. மேலே வெட்டிய கத்தி கீழேயும் வெட்டுகிறது. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற தோட்டக்காரர் வழக்கத்துக்கு இது வலுச் சேர்த்தது.

மதியத்தில் ஊற்றினால் நீர்த்துளி பூதக்கண்ணாடியாகி இலையைச் சுடும் என்பார்கள். 2010இல் ஹங்கேரி அறிவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வழவழப்பான இலையில் அப்படிச் சுடவில்லை. மெல்லிய முடியுள்ள இலைகளில், துளி இலையைத் தொடாமல் முடிமேல் நிற்கும்போது மட்டும் அதற்கு வாய்ப்பு உண்டு. அதிகாலையில் ஊற்றச் சொல்வதற்கு வேறு நல்ல காரணம் இருக்கிறது: காற்றும் வெயிலும் எடுத்துக்கொள்வதற்கு முன் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இறங்கிய ஈரத்தைக் காக்க, தண்டைத் தொடாமல் சுற்றிலும் சருகோ வைக்கோலோ மூடாக்குப் போடலாம். சுட்ட, பூச்சில்லாத மண்பானையைக் கன்றின் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பலாம். மண் காயும்போது பானை கசியும். ஈரமானால் கசிவு தானே குறையும்.

ஒரு மாதம் கழித்துப் புல் பாயின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். வராது. கன்றின் தண்டைப் பிடித்து இலேசாக இழுத்தாலும் மண் திரும்ப இழுக்கும். வேர் பிடித்துவிட்டது என்று நம் ஊரில் சொல்வது அந்தப் பிடியைத்தான். வாளியை அன்றே கவிழ்த்துவிட வேண்டாம். அடுத்த கோடை வரை கூடவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் தண்டைவிட்டு ஒரு சாண் தள்ளி ஊற்றுங்கள்.