பூனைக்கு உடம்பு சுடுதா? மாத்திரை கொடுக்காதீங்க!



திண்டிவனம், விழுப்புரம் பக்கம் மல்லாட்டை, நெல் மூட்டை அடுக்கியிருக்கும் வீட்டில் பூனை இல்லாமல் முடியாது. விதை மூட்டையை எலியிடமிருந்து காப்பாற்றுவதே அதுதான். மாட்டுக்கு ஒன்று என்றால் அன்றைக்கே டாக்டரைத் தேடுகிறோம். பூனைக்கு என்றால் மட்டும் "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால் கையில் கிடைத்த மாத்திரையைப் பாலில் கரைத்து ஊற்றுகிறோம். விடுவதைவிட இது ஆபத்து.

பூனையின் உடம்புச் சூடு இயல்பாகவே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நமக்கு 98.6தான். அதனால் நல்ல பூனையைத் தொட்டாலும் சுடுவது போலத்தான் இருக்கும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்தால், அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சு இரைக்கும். பாதி மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பூனை நோயை வெளியே காட்டாது. பரண் மேலோ, மூட்டைச் சந்திலோ போய் ஒண்டிக்கொள்ளும். உடம்பை நக்குவதை நிறுத்திவிடும், முடி சிலிர்த்து நிற்கும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மறுநாள் காட்டிவிட வேண்டும். குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் அந்த ஒரு நாள்கூடத் தாங்காது.

கடுவன் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லையா? அது அடைப்பு. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றி நேரத்தைக் கடத்தாதீங்க. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

எலி மருந்து வைத்தால் செத்த எலியை உடனே புதைத்துவிடுங்கள்.

சாதுவான பூனை திடீரென்று சீறிப் பாய்ந்தாலோ, எச்சில் ஒழுகினாலோ தொடவே கூடாது. வெறிநோயாக இருக்கலாம். கடித்தாலும் பிராண்டினாலும் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம்.

பூனையைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு போகாதீங்க, மூச்சு முட்டும். கூடையில் வைத்து, மேலே மெல்லிய துணி கட்டி அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது மூத்திரம் போனது என்று டாக்டர் கேட்பார். கவனித்து வைத்துக்கொண்டு போங்கள்.