பெரிய டர்போ, பெரிய பலமா?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாகச் செல்லும் அந்த நெடுஞ்சாலையோரம் கோடையில் சற்று நேரம் நின்று பாருங்கள். தர்பூசணி ஏற்றிய பிக்கப் வண்டிகளும், மணிலா மூட்டைகள் ஏற்றிய சிறு லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். (மணிலாவை இப்பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள்.) சுங்கச் சாவடியில் நின்று கிளம்பும் டீசல் வண்டியின் உறுமலோடு மெல்லிய விசில் போன்ற ஓர் ஒலியும் சில வேளைகளில் கேட்கும். அதுவே டர்போசார்ஜரின் குரல்.

"இதைவிடப் பெரிய டர்போவாகப் பொருத்தினால் வண்டி இன்னும் நன்றாக இழுக்குமே?" என்று பட்டறைகளில் கேட்பவர்கள் உண்டு. கடனில் வாங்கிய ஒரே வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு இக்கேள்வியின் விடை மிக முக்கியமானது. தவறான விடை எஞ்சினையே பலிவாங்கிவிடும். ஆகவே நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

எஞ்சின் உண்ணும் காற்று

டீசலால் வண்டி ஓடுகிறது என்கிறோம். அது பாதி உண்மைதான். ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறக்குறைய பதினான்கரை கிலோ காற்று வேண்டும். புகையின்றி எரிய, நடைமுறையில் 20 கிலோவாவது இருப்பது நல்லது. எனவே எஞ்சினின் திறனுக்கு எல்லை வகுப்பது காற்றே.

டர்போ இல்லாத 2.5 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். இது நான்கு வீச்சு எஞ்சின். இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் காற்றை உள்ளிழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 1,500 × 2.5 = 3,750 லிட்டர் காற்று. 35 டிகிரி வெப்பத்தில் அதன் எடை சுமார் 4.3 கிலோ. சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதில்லை. பத்தில் ஒன்பது பங்கு என்று கொண்டால் 3.9 கிலோ. அதைக்கொண்டு எரிக்கக்கூடிய டீசல் நிமிடத்துக்கு 0.195 கிலோ. ஒரு கிலோ டீசலில் சுமார் 42,500 கிலோஜூல் வெப்பம் உண்டு. அதில் 35 விழுக்காடு வேலையாக மாறினால் கிடைப்பது ஏறக்குறைய 65 குதிரைத்திறன்.

இந்த எஞ்சினில் டீசலை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? எரிய வழியில்லாத கரி, கரும்புகையாக வெளியேறும். திறன் வேண்டுமானால் முதலில் காற்று வேண்டும்.

வீணாகும் வெப்பத்திலிருந்து காற்று

எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, புகைக்குழாய் வழியே வீணாகிறது. அந்தச் சூடான வாயுவைக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளினால் என்ன? சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். புகையால் சுழலும் சக்கரம் சுழலி. காற்றை அழுத்துவது அமுக்கி. இரண்டும் சேர்ந்ததே டர்போசார்ஜர். சிறு வண்டிகளில் இது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடும்.

நம் எஞ்சினில் காற்றழுத்தத்தை இரு மடங்காக்குவோம். காற்றின் எடையும் இரு மடங்காகுமா? ஆகாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவீர்கள். அழுத்தப்பட்ட காற்று சூடாகும். 35 டிகிரியில் புகுந்த காற்று, 70 விழுக்காடு திறமையுள்ள அமுக்கியிலிருந்து சுமார் 130 டிகிரியில் வெளிவரும். சூடான காற்று விரிவதால் எடை ஒன்றரை மடங்கே கூடும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியே செலுத்தி 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 1.85 மடங்காகிறது. 65 குதிரைத்திறன் 120-ஐ எட்டலாம். டர்போவின் பலனில் ஒரு பெரும்பகுதி, முன்பக்கத்தில் அமைதியாக இருக்கும் இந்தக் குளிர்விப்பானுக்கு உரியது.

பெரிதா, சிறிதா?

சிறிய டர்போவின் சக்கரம் இலேசானது. குறைந்த புகையிலேயே சுழலத் தொடங்கும். பாரத்துடன் கிளம்பும் வண்டிக்கு இதுவே தேவை. ஆனால் எஞ்சின் வேகமாக ஓடும்போது அது புகைக்கு முட்டுக்கட்டையாகும். அளவு மீறியும் சுழலும். அதைத் தடுக்க, மிகுதிப் புகையை வேறு வழியில் விட வேஸ்ட்கேட் என்னும் கதவு உண்டு.

பெரிய டர்போ இதற்கு நேர்மாறு. உச்ச வேகத்தில் ஏராளமான காற்றைத் தரும்; மெதுவாக ஓடும்போதோ சோம்பிக் கிடக்கும். மிதியை அழுத்தியதும் டீசல் உடனே வந்துவிடும். காற்று தாமதமாக வரும். 1980-களில் விழுப்புரம் சந்திப்பில் நின்றவர்கள் இத்தாமதத்தைக் கண்ணாலேயே கண்டிருப்பார்கள். தாம்பரத்திலிருந்து மீட்டர்கேஜ் பாதையில் மின்சார எஞ்சின் இழுத்துவந்த ரயிலுக்கு, தெற்கே செல்ல அங்கே டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். ஒய்.டி.எம்.-4 என்ற அந்த வகை, டர்போ பொருத்தியது. வண்டி கிளம்பும்போது கரும்புகை குபுகுபுவென எழும். சக்கரம் வேகமெடுத்ததும் புகை வெளிறிவிடும்.

அடிக்கடி நின்று, பாரத்துடன் கிளம்பி, நடுத்தர வேகத்தில் ஓடுவதே திண்டிவனம் பிக்கப்பின் அன்றாட வேலை. அதற்குப் பெரிய டர்போ பொருந்தாது. இன்று சில வண்டிகளில் சுழலியைச் சுற்றி அசையும் இதழ்கள் வைத்து, ஒரே டர்போவைச் சிறிதாகவும் பெரிதாகவும் நடந்துகொள்ளச் செய்கிறார்கள்.

ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும்

அமெரிக்காவில் பாரம் இழுக்கும் போட்டிகளுக்காக டீசல் பிக்கப்புகளை 1,000 குதிரைத்திறனுக்கும் மேல் மாற்றி அமைப்பவர்கள் உண்டு. பெரியதும் சிறியதுமாக இரண்டு டர்போக்களை அடுத்தடுத்து வைப்பார்கள். ஆனால் அவர்கள் டர்போவோடு நிற்பதில்லை. பிஸ்டன், இணைப்புத் தண்டு, சிலிண்டர் தலையை இறுக்கும் போல்ட்டுகள், டீசல் தெளிப்பான்கள், கிளட்ச் என யாவற்றையும் வலுப்படுத்துகிறார்கள். காற்றும் டீசலும் கூடினால் சிலிண்டரின் அழுத்தமும் வெப்பமும் கூடும். வலுவற்ற இடம் எதுவோ அது முதலில் உடையும். தலைக் கேஸ்கட் கிழியலாம், பிஸ்டனே உருகலாம். போட்டி சில விநாடிகளில் முடிந்துவிடும். நம் வண்டியோ பல்லாண்டு உழைக்க வேண்டும். மேலும், திறனைக் கூட்டுவதால் பிரேக் தானாக வலுப்பெறாது.

இந்தியாவில் 2020 முதல் நடைமுறையிலுள்ள பி.எஸ்.-6 வண்டிகளில் டர்போ, டீசல் தெளிப்பு, புகை வடிகட்டல் ஆகியவை ஒரு கணினியால் பிணைக்கப்பட்டுள்ளன. ஒன்றை மாற்றினால் மற்றவையும் தடுமாறும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் தடுக்கிறது.

அப்படியானால் இழுவை குறைந்த வண்டிக்கு என்ன செய்வது? முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். அறுவடைக் காலத் தூசி அதை அடைத்திருக்கும். இன்டர்கூலர் குழாய்களில் கசிவு உண்டா என்று பாருங்கள். எண்ணெயை உரிய நேரத்தில் மாற்றுங்கள். டர்போவின் அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதந்து சுழல்கிறது. நெடுந்தூரம் பாரமிழுத்து வந்ததும் எஞ்சினைச் சட்டென நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் நிதானமாக ஓடவிட்டால், சூடான அச்சில் எண்ணெய் கருகாது. இவற்றால் வண்டி இழந்த திறனையே மீட்கலாம். புதிய டர்போ தேவைப்படாது.

முடிவாக, உங்களுக்கு ஒரு கணக்கு. தை மாதக் காலையில் 24 டிகிரி. கத்திரி வெயிலில் 42 டிகிரி. டர்போ இல்லாத ஒரே எஞ்சின், ஒரே வேகம். வெயிலில் அதற்குக் கிடைக்கும் காற்றின் எடை எவ்வளவு குறையும்? வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டிக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 6 விழுக்காடு என்று விடை வந்தால், நீங்கள் எஞ்சினின் மூச்சைப் புரிந்துகொண்டீர்கள்.