சிறிய தனியார் பல்கலைக்கழகம்: கற்பித்தலும் மதிப்பிடுதலும்

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. கற்பிக்கும் பொறுப்பு கல்லூரிகளிடமும், தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்திடமும் இருந்தன. பட்டப்படிப்பு மாணவர்களில் பெரும்பாலோர் இன்றும் இத்தகைய இணைவுக் கல்லூரிகளிலேயே பயில்கின்றனர்.

மாநிலச் சட்டங்களால் நிறுவப்படும் தனியார் பல்கலைக்கழகம் இவ்வமைப்பிலிருந்து வேறுபட்டதாகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2003-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி அது ஒருமைப் பல்கலைக்கழகமாகவே இயங்க வேண்டும். பிற கல்லூரிகளை இணைத்துக்கொள்ள இயலாது. எனவே பாடத்திட்டம் வகுப்பதும், கற்பிப்பதும், தேர்வு நடத்துவதும், பட்டம் அளிப்பதும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பாகின்றன. சில நூறு மாணவர்களே பயிலும் சிறிய பல்கலைக்கழகத்தில் இதன் விளைவுகள் தெளிவாகப் புலப்படுகின்றன.

நெருக்கத்தின் நன்மைகள்

இணைவுக் கல்லூரியில் பயிலும் மாணவரின் விடைத்தாளை அவரை ஒருபோதும் கண்டிராத ஒருவர் திருத்துகிறார். சிறிய பல்கலைக்கழகத்திலோ பாடம் நடத்துபவரே பெரும்பாலும் வினாத்தாளை அமைத்து, கட்டுரைகளையும் ஆய்வறிக்கைகளையும் மதிப்பிடுகிறார். பருவ இறுதித் தேர்வு ஒன்றையே நம்பாமல், பருவம் முழுவதும் மாணவர் செய்யும் பணியைக் கணக்கில் கொள்ள இது வழிசெய்கிறது. மாணவரின் குறை எங்குள்ளது என்பதைப் பருவம் முடியுமுன்பே கண்டறிந்து திருத்தவும் வாய்ப்பு ஏற்படுகிறது. பாடத்திட்டத்தை மாற்றுவதற்கு நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் வசதியைக் கருத வேண்டியதில்லை.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் படிப்புக்கான திட்டம், மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட்டுகளையும் நான்காண்டுப் பட்டத்திற்கு 160 கிரெடிட்டுகளையும் வகுத்துள்ளது. மாணவர் தம் துறைக்கு அப்பாற்பட்ட பாடங்களையும் கற்கலாம். ஆனால் ஆசிரியர் எண்ணிக்கை குறைவாக உள்ள இடத்தில் விருப்பப் பாடங்களும் குறைவாகவே இருக்கும். இக்குறையை ஈடுசெய்ய, 2017-இல் தொடங்கப்பட்ட 'ஸ்வயம்' இணையவழிப் பாடங்கள் உதவுகின்றன. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை இவ்வழியே கற்க 2021-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன.

நெருக்கத்தின் இடர்ப்பாடுகள்

கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் ஒருவரே என்னும் நிலை, நம்பிக்கை உள்ளவரை வலிமையாகும்; மனக்கசப்பு ஏற்படின் அதுவே சுமையாகிவிடும். துறையில் நான்கைந்து ஆசிரியர்களே உள்ளபோது, ஒருவரைப் பற்றி முறையிடும் மாணவர் அடுத்த பருவத்திலும் அவரிடமே பயில நேரிடலாம். விடுதி, உணவுக்கூடம், நூலகம் ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் இருப்பதால் பிணக்கிலிருந்து விலகி நிற்பதும் அரிது.

இதற்கெனவே 2023-ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு விதிகள் வகுக்கப்பட்டன. குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை அளிக்க வேண்டும். அதில் நிறைவு பெறாத மாணவர், நிறுவனத்தோடு நலத்தொடர்பு இல்லாத குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆயினும் விடைத்தாளை மீண்டும் திருத்தக் கோரும் மனுவை அவர் பொதுவாக ஏற்பதில்லை; முடிவைப் பாதிக்கும் குறிப்பிட்ட முறைகேடோ பாகுபாடோ சுட்டிக்காட்டப்பட வேண்டும். ஆகவே திருத்திய விடைத்தாள்களையும், மதிப்பீட்டு அளவுகோல்களையும் மாணவர் பாதுகாத்து வைப்பது இன்றியமையாததாகும்.

சட்டப் பின்னணி

பட்டத்தின் மதிப்பு நிறுவனத்தின் சட்ட நிலையைச் சார்ந்தது என்பதற்குச் சத்தீஸ்கர் மாநில அனுபவம் சான்றாகும். அங்கு 2002-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் குறுகிய காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பலவற்றுக்குக் கட்டடமோ வளாகமோ இருக்கவில்லை. மானியக் குழுவின் முன்னாள் தலைவரும் அறிவியலாளருமான யஷ்பால் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2005 பிப்ரவரியில் அச்சட்டத்தின் உரிய பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. ஏற்கெனவே பயின்று வந்த மாணவர்களின் நலன் கருதி, அந்நிறுவனங்களை மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க நடவடிக்கை எடுக்குமாறும் பணித்தது. நிறுவனம் வீழ்ந்தபோது மாணவரைக் காக்க நீதிமன்றத்தின் தனி ஆணை தேவைப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

தனியார் பல்கலைக்கழகத்தின் வருவாயில் கட்டணம் பெரும்பங்கு வகிக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைவாயின் நூலகம், ஆய்வுக்கூடம், ஆசிரியர் ஊதியம் ஆகியவற்றின் நிலையான செலவு ஒவ்வொருவர் மீதும் கூடுதலாக விழும். செலவைக் குறைக்கும் நோக்கில் ஆசிரியர்கள் குறைக்கப்பட்டால், சிறிய நிறுவனத்தின் தனிச்சிறப்பே மறைந்துவிடும்.

சேருமுன் அறிய வேண்டியவை

மானியக் குழுவின் பட்டியலில் நிறுவனம் இடம்பெற்றுள்ளதா, சட்டம், மருந்தியல், செவிலியம் போன்ற படிப்புகளுக்கு உரிய மன்றத்தின் ஒப்புதல் உள்ளதா, முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், குறைதீர்ப்பாளர் நியமிக்கப்பட்டுள்ளாரா ஆகியவற்றை மாணவரும் பெற்றோரும் விசாரித்தறிதல் வேண்டும். மூலச் சான்றிதழ்களை நிறுவனம் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டுமென 2018-ஆம் ஆண்டு அறிவிக்கை கூறுகிறது. சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகுவோருக்குச் செயலாக்கத் தொகையை மட்டும் கழித்துக்கொண்டு கட்டணத்தைத் திருப்பித் தரவும் அது வகைசெய்கிறது.

கண்காணிக்கும் அலுவலர்களின் கடமையும் இத்தகையதே. நிலப்பரப்பையும் கட்டடங்களையும் அளந்து பார்ப்பதோடு ஆய்வு முடிந்துவிடலாகாது. எத்தனை முறையீடுகள் வந்தன, எத்தனை நாட்களில் அவை தீர்க்கப்பட்டன, முறையிட்டவர்கள் படிப்பைத் தொடர்ந்தனரா என்பவையும் ஆராயப்பட வேண்டும். கற்பிக்கும் கையிலேயே மதிப்பிடும் அதிகாரத்தையும் ஒப்படைத்துள்ள அமைப்பில், மாணவர் அச்சமின்றி முறையிட இயலுமா என்பதே அதன் தரத்தை அறியும் முதன்மையான அளவுகோலாகும்.