மணலுக்கும் ஒரு வரம்பு வேண்டும்

சாய்ந்தமருது வாசகர் ஒருவர் கேட்கிறார்: "முற்றத்தில் தரையோடு தரையாக ஒரு மரத்தளம் போட விருப்பம். வளவு முழுக்கக் கடற்கரை மண். கொங்கிரீட் போடாமல் சரிவராது என்கிறார் மேசன். உண்மையா?"

இல்லை. மேசனைக் குறை சொல்லவும் முடியாது. மணல் என்றாலே உறுதியில்லாதது என்ற அவதூறு அவ்வளவு பழையது. தளம் போடுவதற்கு வயல் பக்கத்துக் களியைவிட மணல் எவ்வளவோ மேல். களி மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும். மணல் இரண்டும் செய்யாது, தண்ணீரையும் தேக்காது. அதன் குற்றம் ஒன்றுதான்: ஓடும் தண்ணீரோடு தானும் ஓடிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அத்திவார மூலைகளிலிருந்து மணல் அரிபட்டுப் போனதை இந்தக் கரை கண்டது.

நாலடி தோண்டச் சொல்லும் யூரியூப் காணொளிகளை விட்டுவிடுங்கள். அது ரொறன்ரோக்காரருக்கு. அங்கே பனிக்காலத்தில் நிலத்துக்குள் நீர் உறைந்து வீங்கித் தூணையே மேலே தூக்கும். கல்முனையில் தண்ணீர் உறைவது ஐஸ்பெட்டியில் மட்டும்.

இனி விசயத்துக்கு வருவோம். அலை வடிந்த ஈர மணலில் காலை அழுத்தி வையுங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளிறிக் காயும். அழுத்தினால் தண்ணீர் பிழிபட்டு மேலேதானே வரவேண்டும்? அது உள்ளே போகிறது! நெருங்கிக் கிடக்கும் மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும். ஏறினால் இடைவெளி பெருகும்; பெருகிய இடைவெளி மேலே நிற்கும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே அளவு உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கினால் 26 வீதம் வெற்றிடம். ஒன்றின் தலைக்கு நேரே ஒன்றாக அடுக்கினால் 48 வீதம். ஆக, நெருங்கிய மணல் குலைய வேண்டுமென்றால் முதலில் பருக்க வேண்டும். பருக்க இடம் கொடாவிட்டால் அது அசையாது. மணலின் பலம் முழுவதும் இந்த இடங்கொடாமையில்தான்.

1885இல் இதை விளக்கியவர் மான்செஸ்டர் பேராசிரியர் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பிரபஞ்சமே இப்படியான மணிகளால் ஆனது என்று 1903இல் ஒரு நூலும் எழுதினார். நமக்கு மணல் போதும்.

அரிசியைப் பாருங்கள். குவித்த அரிசியில் ஏறினால் கால் புதையும். அதையே மூடையில் குலுக்கி நிரப்பி வாயைத் தைத்தால், பத்து மூடை அடுக்கி மேலே ஆளும் ஏறலாம். அரிசி அதேதான், சாக்குத்தான் கூடுதல். உங்கள் தளத்துக்குச் சாக்கு, சுற்றிவரப் பதிக்கும் விளிம்புக் கல். குலுக்குவது, மண்ணை இடித்து இறுக்கும் கொம்பெக்டர். தையல், மூலைகளில் இடும் சாந்து. சாக்கைக் கடிக்கும் எலியும் உண்டு: கூரைத் தண்ணீர். அப்படியானால் பூனை எது என்றால், பீலி.

இடிக்கும்போது ஈரத்தைக் கவனியுங்கள். அரைகுறை ஈரம் கெடுதல். நாலைந்து வீத ஈரத்தில் மணிகளுக்கிடையே நீர்ப்படலம் பிடித்துக்கொள்ள, மென்மணல் கால் பங்குவரை உப்பிவிடும். (மண்ணைக் கியூப் கணக்கில் வாங்குகிறவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கவும்.) தாராளமாக நனைத்தால் படலம் குலைந்து மணல் அமரும். வேரும் மக்கிய இலையும் கலந்த மேல்மண்ணை முதலில் வழித்துவிட்டு, ஆறங்குலத்துக்கு மேற்படாத படைகளாக நனைத்து இடியுங்கள். மேலே நாலங்குலம் சல்லி. அதன்மேல் சின்னக் கொங்கிரீட் கட்டைகள், கட்டைகளில் தாங்குமரம். மரம் மண்ணைத் தொடவே கூடாது, கறையான் காத்திருக்கிறது. உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத உருக்கு ஆணிதான் சரி.

"நிலத்திலேயே வைக்கலாம், பராமரிப்பே வேண்டாம்" என்று விற்கும் பிளாஸ்ரிக் மரம்? வெயிலுக்கு அது நீளவாக்கில் மரத்தைவிடப் பல மடங்கு விரியும். வளைவதும் அதிகம், ஆகவே தாங்குமரங்களை இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டிவரும். விளம்பரத்தில் அந்தத் தாங்குமரங்களின் விலை இருக்காது.

இடித்தது போதுமா என்று பார்க்க அரை அங்குலக் கம்பி ஒன்று போதும். கையால் தள்ளியதும் இலகுவாக இறங்கினால் மணல் இன்னும் தளர்வு. மறுபடி நனைத்து இடியுங்கள். சுத்தியல் கேட்டால் கல்லைப் பதிக்கலாம்.