'பேக் டு தி ஃபியூச்சர் 2' மாஸ்டர்பீஸா... மண்டைக் குடைச்சலா? ரசிகர்கள் ஏன் இன்னும் சண்டை போடுறாங்க?

டைம் டிராவல் படம்னா உயிரையே விடுற ரெண்டு பேரை ஒரே டேபிள்ல உட்காரவையுங்க. 'பேக் டு தி ஃபியூச்சர்' முதல் பாகம் எப்படின்னு கேளுங்க. ரெண்டு பேரும் ஒரே குரல்ல 'கிளாசிக்' என்பார்கள். அடுத்து, "சரி, ரெண்டாவது பாகம்?" என்று கேட்டுவிட்டு, உங்க டீயை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். அந்தச் சண்டை அவ்வளவு சீக்கிரம் முடியாது!

1985-ல் முதல் பாகம், 1989-ல் இரண்டாவது, 1990-ல் மூன்றாவது. மூன்றையும் இயக்கியவர் ராபர்ட் ஸெமெக்கிஸ். எழுத்தில் அவருக்குத் துணை பாப் கேல். முதல் பாகத்தைப் பற்றிப் பெரிதாக சர்ச்சையே இல்லை. மூன்றாவது, 'ஜாலியான வெஸ்டர்ன்' என்ற பெயரோடு தப்பித்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது இரண்டாவது பாகம்தான். அப்படி என்னதான் பிரச்னை? ரெண்டு தரப்பு வாதத்தையும் கேட்டுட்டு, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. (ஸ்பாய்லர் அலர்ட்: படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிக்கலாம்.)

முதல்ல ஒரு குட்டி ரீகேப்

முதல் பாகத்தில் கலிஃபோர்னியாவின் ஹில் வேலி என்ற கற்பனை ஊர். மார்ட்டி என்ற பையன் (மைக்கேல் ஜே. ஃபாக்ஸ்), டாக் பிரவுன் என்ற விஞ்ஞானி (கிறிஸ்டோபர் லாய்ட்) உருவாக்கிய டெலோரியன் காரில் 1985-லிருந்து 1955-க்குப் போய்விடுகிறான். அங்கே தன் அப்பா - அம்மா காதலைத் தெரியாமல் கெடுத்து, பிறகு அவனே சேர்த்துவைத்து, ஊர் திரும்புகிறான்.

இரண்டாவது பாகத்தில் மார்ட்டியும் டாக்கும் 2015-க்குப் போகிறார்கள். அங்கே மார்ட்டி ஒரு விளையாட்டுப் புள்ளிவிவரப் புத்தகம் வாங்குகிறான். 1950-லிருந்து 2000 வரை எந்த மேட்ச்சில் யார் ஜெயித்தார்கள் என்ற விவரம் மொத்தமும் அதில் இருக்கிறது. பழைய காலத்துக்குப் போய் பந்தயம் கட்டினால் கோடிகள் கொட்டும் இல்லையா? டாக் திட்டி, அதைக் குப்பையில் போடுகிறார். ஆனால் முதியவனான வில்லன் பிஃப் அதை எடுத்துக்கொண்டு, டைம் மெஷினையும் திருடிக்கொண்டு, 1955-ல் இருக்கும் தன் இளமைக்கால பிஃப்பிடமே கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான்.

மார்ட்டி 1985-க்குத் திரும்பினால் ஊரே நரகம். பிஃப் கோடீஸ்வரன். மார்ட்டியின் அப்பா கொல்லப்பட்டிருக்கிறார். அம்மா, பிஃப்பின் மனைவி. அந்தப் புத்தகத்தைப் பறிக்க மறுபடியும் 1955-க்கு, அதாவது முதல் பாகத்துக்கு உள்ளேயே போக வேண்டும்!

'வேணாம் சாமி' அணியின் வாதம்

முதல் குற்றச்சாட்டு, ஜெனிஃபர். மார்ட்டியின் காதலியான இவள், முதல் பாகத்தின் கடைசிக் காட்சியில் காரில் ஏறிவிடுகிறாள். இரண்டாவது பாகம் தொடங்கிய சில நிமிடங்களில் டாக் அவளைத் தூங்க வைத்துவிடுகிறார். 2015-ல் கொஞ்ச நேரம் கண் விழிப்பதைத் தவிர, கதையில் அவளுக்குப் பெரிதாக வேலையில்லை. இதற்கான காரணத்தை பாப் கேலே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் பாகத்தின் முடிவு ஒரு ஜோக்காகத்தான் எழுதப்பட்டது. தொடர்ச்சி வரும் என்று தெரிந்திருந்தால் அவளைக் காரில் ஏற்றியிருக்கவே மாட்டார்களாம்.

இரண்டாவது குற்றச்சாட்டு, 'கோழை' மேட்டர். யாராவது கோழை என்று சொன்னால் மார்ட்டிக்குத் தலைக்கேறிவிடும். இரண்டாவது பாகத்தில் இது பெரிய பலவீனம். ஆனால், முதல் பாகத்தில் இப்படியொரு குணம் அவனுக்கு இருந்த சுவடே இல்லை. 'திடீர்னு எங்கிருந்து வந்துச்சு?' என்று ரசிகர்கள் கேட்பது நியாயம்தான்.

மூன்றாவது, அப்பா ஜார்ஜ். முதல் பாகத்தின் இதயமே பயந்தாங்கொள்ளி ஜார்ஜ் நிமிர்ந்து நிற்பதுதான். அதில் நடித்த கிரிஸ்பின் குளோவருக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் உடன்பாடு ஏற்படாததால், அவர் இரண்டாவது பாகத்தில் இல்லை. வேறு ஒரு நடிகருக்கு குளோவரின் முகம்போல மேக்கப் போட்டு, 2015 காட்சியில் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சமாளித்தார்கள். முதல் பாகத்தில் எடுத்த குளோவரின் காட்சிகளையும் பயன்படுத்திக்கொண்டார்கள். குளோவர் வழக்கு போட, அது சமரசத்தில் முடிந்தது. ஒரு நடிகரின் முகத்தை அவர் அனுமதியில்லாமல் பயன்படுத்தலாமா என்பது ஏ.ஐ காலத்துக் கேள்வி என்றுதானே நினைக்கிறோம்? ஹாலிவுட் இதை அப்போதே பார்த்துவிட்டது.

நான்காவது, முடிவே இல்லாத முடிவு. மின்னல் தாக்கி டாக் 1885-க்குப் போய்விட, படம் அந்தரத்தில் நின்று, மூன்றாவது பாகத்தின் டிரெய்லரோடு முடிகிறது. அடுத்த பாகத்துக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 'டிக்கெட் காசு வாங்கிட்டு பாதிப் படத்தைக் காட்டினா எப்படி?' என்ற கோபத்தை, இன்று 'பார்ட் 1', 'பார்ட் 2' எனப் பிரித்து வரும் படங்களைப் பார்க்கும் நம்மால் நன்றாகவே புரிந்துகொள்ள முடியும்.

'தலைவரே, செம படம்!' அணியின் வாதம்

இவங்க கையில் இருக்கும் பெரிய துருப்புச்சீட்டு, படத்தின் கடைசிப் பகுதி. மார்ட்டி மறுபடியும் 1955-க்குப் போகிறான். அதே பள்ளி நடன விழா. மேடையில் முதல் பாகத்து மார்ட்டி கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறான். அதே மேடைக்கு மேலே, உத்தரத்தில் இரண்டாவது பாகத்து மார்ட்டி ஊர்ந்துகொண்டிருக்கிறான். நாம் ஏற்கெனவே பார்த்து ரசித்த காட்சிகளுக்குப் பின்னால், நமக்குத் தெரியாமல் இன்னொரு படம் ஓடிக்கொண்டிருந்ததுபோல ஓர் உணர்வு!

இதைப் படிக்கும்போது உங்களுக்கு 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' ஞாபகம் வருதா? வரணும். 2012 'அவெஞ்சர்ஸ்' படத்தின் நியூயார்க் சண்டைக்குள் ஹீரோக்கள் மறுபடியும் நுழையும் அந்த ஐடியாவை, 30 வருடங்களுக்கு முன்பே பெரிய திரையில் செய்துகாட்டிய படம் இது. 'எண்ட்கேம்' கதாபாத்திரங்களே 'பேக் டு தி ஃபியூச்சர்' பெயரைச் சொல்லித்தான் டைம் டிராவல் பற்றி விவாதிப்பார்கள்.

டெக்னிக்கலாகவும் படம் ஒரு படி மேலே. ஒரே நடிகர் இரண்டு வேடத்தில் வந்தால், கேமராவை அசைக்காமல் நிறுத்தி எடுப்பதுதான் பழைய வழக்கம். இதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில், ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி நகரும் கேமராவைப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் வயதான மார்ட்டி, மகன், மகள் என மூன்று வேடங்களில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

அந்த ஃபேமஸ் ஓட்டை

ரெண்டு அணியும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுதான். நரகமாக மாறிய 1985-ல், கரும்பலகையில் கோடு போட்டு டாக் விளக்குவார். பிஃப் 1955-ல் வரலாற்றை மாற்றிவிட்டான். இனி இங்கிருந்து 2015-க்குப் போனால், அது மாறிப்போன 2015-ஆகத்தான் இருக்கும். அதனால் அங்கே போய் அவனைத் தடுக்க முடியாது என்பது அவர் லாஜிக்.

சரி, அப்படியென்றால் 1955-ல் புத்தகத்தைக் கொடுத்த முதிய பிஃப் மட்டும் எப்படிப் பழைய 2015-க்கே திரும்பி, காரை விட்ட இடத்திலேயே விட்டான்? அவனும் மாறிப்போன 2015-க்குத்தானே போயிருக்க வேண்டும்? மாட்டிக்கிட்டாங்கல்ல!

ஆதரவு அணியின் பதில்: இந்தப் படங்களில் மாற்றம் உடனே நடப்பதில்லை, அலைபோல மெதுவாகத்தான் பரவும். முதல் பாகத்தில் மார்ட்டியின் குடும்ப போட்டோ பட்டென மறையவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அழிந்தது. அதேபோல, அலை வந்து சேர்வதற்குள் பிஃப் திரும்பிவிட்டான். 2015-க்கு வந்ததும் அவன் வலியில் துடிப்பதைப் படத்தில் பார்க்கலாம். அவன் அப்படியே மறைந்துபோகும் காட்சியையும் எடுத்திருந்தார்கள். எடிட்டிங்கில் நீக்கிவிட்டார்கள்.

பதில் ஓகேதான். ஆனால் பதிலே படத்துக்கு வெளியே இருந்தால் அது யார் தப்பு என்று எதிரணி கேட்பதும் ஓகேதான்.

2015-ஐ சரியா சொன்னாங்களா?

படத்தில் அவர்கள் போய் இறங்கும் நாள் 2015 அக்டோபர் 21. வீடியோ கால், சுவரில் மாட்டிய அகல டிவி எல்லாம் வந்துவிட்டன. பறக்கும் கார் வரவில்லை. வீட்டுக்கு வீடு ஃபேக்ஸ் மெஷின் என்பது சிரிப்பு. சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி 2015-ல் சாம்பியன் ஆகும் என்று படம் சொன்னது. நிஜத்தில், அதே அக்டோபர் 21-ம் தேதிதான் கப்ஸ் அந்த வருடப் போட்டியிலிருந்து வெளியேறியது. அடுத்த வருடம், 2016-ல், 108 வருடக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பையை வென்றது. ஒரே ஒரு வருஷம் மிஸ்!

ஆனால், இந்த மார்க் ஷீட்டை வைத்துப் படத்தை எடை போடுவது சரியில்லை. அந்த 2015 சிரிக்க வைப்பதற்காகக் கட்டிய செட், ஜோசியம் இல்லை.

அப்போ, தீர்ப்பு?

தனிப் படமாகப் பார்த்தால் இரண்டாவது பாகம் பாஸ் மார்க்தான். முதல் பாகம் பார்க்காமல் இதை ரசிக்கவே முடியாது. அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளும் அந்த ஈரம் இதில் குறைவு. ஆனால் ஒரு தொடர்ச்சியாகப் பார்த்தால் இது டிஸ்டிங்ஷன்!

ஏன்னா, முதல் பாகம் நமக்கு ஒரு சௌகரியமான பொய்யைச் சொன்னது. கடந்த காலத்தில் கை வைத்தால் அப்பா எழுத்தாளர் ஆவார், வீடு பளபளக்கும், வாசலில் புது வண்டி நிற்கும். நாமும் கைதட்டினோம். இரண்டாவது பாகம் அதே மெஷினை இன்னொருவன் கையில் கொடுத்து, இப்போ கைதட்டுவீங்களா என்று கேட்கிறது. இத்தனைக்கும், பணத்துக்காக அந்தப் புத்தகத்தை முதலில் வாங்கியது பிஃப் இல்லை, நம்ம மார்ட்டி! ஹீரோவின் சின்ன ஆசையும் வில்லனின் பேராசையும் ஒரே கடையில்தான் தொடங்குகின்றன. முதல் பாகத்தையே நம்மைச் சந்தேகப்பட வைக்கும் இந்தத் துணிச்சல், எத்தனை இரண்டாம் பாகங்களுக்கு இருக்கு?

இன்னொரு விஷயம். அந்தப் படத்து 2015-ல், 47 வயது மார்ட்டி தோற்றுப்போன மனிதன். இளம் வயதில் ஒரு விபத்தில் கை உடைந்து, கிட்டார் வாசிப்பதையே விட்டவன். படம் வந்து இரண்டே வருடத்தில், 1991-ல், மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 29. இன்று அந்த வயதான மார்ட்டியின் காட்சிகளைப் பார்க்கும்போது, சிரிக்க வேண்டிய இடத்தில் தொண்டை அடைக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2000-ல் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார் ஃபாக்ஸ். 2024 ஜூனில், இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில், கோல்ட்பிளே குழுவோடு சக்கர நாற்காலியில் அமர்ந்து மேடை ஏறினார். வயது 63. கையில் கிட்டார்!

படத்து மார்ட்டி இளம் வயதிலேயே விட்டதை, நிஜ மனிதர் 63-லும் விடவில்லை. இந்த வார இறுதியில் அந்த ரெண்டாவது பாகத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. சண்டையை அப்புறம் தொடரலாம்!