முதல் டிஜே கருவி
டிஜே கலையைக் கற்கத் தொடங்குபவருக்கு இரண்டு டர்ன்டேபிளும் தனி மிக்ஸரும் தேவையில்லை. 1972-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வகை டர்ன்டேபிள் இன்றும் மதிப்புக் குறையாதது, விலையோ அதிகம். மடிக்கணினியுடன் யூஎஸ்பி வழியே இணையும் இரண்டு சேனல் கன்ட்ரோலரே சிக்கனமான தொடக்கம். பயனீர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 இந்த வகையைச் சேர்ந்தது.

வாங்கும்முன் முதலில் பார்க்க வேண்டியது, கருவிக்குள் சவுண்ட் கார்டும் ஹெட்போன் இணைப்பும் உள்ளனவா என்பதை. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டைக் காதில் மட்டும் கேட்டு, அதன் 120 பிபிஎம் (நிமிடத்துக்கான தாளத் தட்டுகள்) வேகத்தை டெம்போ ஸ்லைடரால் 124-க்கு ஏற்றி, வட்டமான ஜாக் வீலை விரலால் லேசாகத் தள்ளித் தாளத்தோடு தாளம் சேர்ப்பதுதான் இந்தக் கலையின் உயிர். வண்ண விளக்குகள் இதற்கு ஈடாகா.

பழைய கருவியானால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கரகரவென்று இரைந்தால் தவிர்ப்பதே நல்லது. காதை முழுதாக மூடும் ஹெட்போனுக்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும்.